காவலும் கண்காணிப்பும்: பாதுகாப்பு மிகுந்தால் குற்றம் குறையுமா?



குடியிருப்பின் வாயிலில் ஒரு தடுப்புக்கோல், அதன் அருகே காவற்கூண்டு, தெருமுனையில் மறைகாணி, வீட்டின் முன் இரும்புக் கதவு. கோலசிலாங்கூரிலிருந்து ரவாங் வரை பல தாமான்களில் இக்காட்சியைக் காண்கிறோம். இந்நிலத்தின் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்வரை ரப்பர்த் தோட்டமாகவோ செம்பனைத் தோட்டமாகவோ இருந்தது. தோட்டத்து லயங்களில் வளர்ந்தோரின் பிள்ளைகள் இன்று இத்தாமான்களில் வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் காவற்கூண்டுக்குள் அமர்ந்திருக்கின்றனர்; வேறு சிலர் அக்கூண்டின் முன் நிறுத்தப்பட்டு, எங்கே போகிறாய் என்று வினவப்படுகின்றனர். ஆகவே, காவலைக் கூட்டினால் குற்றம் குறையுமா என்னும் வினா நம்மவர்க்கு ஏட்டு வினா அன்று.

மொழியியல் பயின்றவருக்குக் காவல்துறைப் பொருளில் என்ன வேலை என்று அவையோர் எண்ணக்கூடும். ஒரு சமுதாயம் தன் அச்சங்களை எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதை அதன் சொற்களே முதலிற் காட்டும். எனவே சொற்களில் தொடங்கி, நம் வட்டார வரலாற்றுக்குச் சென்று, பிறநாட்டு ஆய்வு முடிவுகளோடு ஒப்பிட்டு, இன்றைய நிலைக்கு வருவோம்.

1. சொற்கள் காட்டும் வேறுபாடு

தமிழில் ‘கா’ என்னும் வேரிலிருந்து காவல், காப்பு, காவலன், காவலாளி எனப் பல சொற்கள் கிளைத்தன. அச்சொற்கள் இருமுகம் உடையவை. ‘பயிருக்குக் காவல்’ என்றால் பிறரிடமிருந்து பயிரைக் காத்தல். ‘காவலில் வைத்தனர்’ என்றால் ஒருவரை வெளியே விடாது அடைத்தல். குழந்தையின் கையில் அணிவிப்பதும் காப்பு. குற்றவாளியின் கையில் பூட்டுவதும் காப்பு. காத்தலும் அடைத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை நினைவிற் கொள்ளுங்கள். தோட்ட வரலாற்றில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே வந்தன.

‘கண்காணி’ என்பது வேறு குடும்பத்துச் சொல். சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி என்போரைக் காண்கிறோம். கோயிற் காரியங்கள் முறைப்படி நடைபெறுகின்றனவா என்று மேற்பார்த்தவர்கள் அவர்கள். அச்சொல்லே கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணியாக வந்தது. இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938-இல் நிறுத்தும்வரை, ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவரும், பெரட்டுக்களத்தில் தலை எண்ணியவரும் கங்காணியே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. அவர் எதைப் பார்த்தார்? வேலைக்கு வராதவரைப் பார்த்தார், ஓடிப்போகிறவரைப் பார்த்தார். யார் கூலி தருகின்றாரோ அவர் இழப்பு எதுவோ, அதன்மேல்தான் கண்காணியின் கண் இருக்கும். இது இன்றைய மறைகாணிக்கும் பொருந்தும் விதி.

மூன்றாவது, ‘ஜாகா’. விழித்திருத்தல், காத்தல் எனப் பொருள்படும் இம்மலாய்ச் சொல் வடமொழி மூலத்தது. இரவெல்லாம் விழித்திருப்பதே அப்பணியின் உயிர் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

காத்தல், மேற்பார்த்தல், விழித்திருத்தல் ஆகிய மூன்றையும் இன்று ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறோம். அதனாலேயே ‘பாதுகாப்பைக் கூட்டினால் குற்றம் குறையுமா’ என்னும் வினாவும் குழம்பிவிடுகிறது. எதைக் கூட்டுகிறோம் என்று முதலிற் பிரித்தறிய வேண்டும்.

2. காவற்கூலி: தமிழ்நாட்டு முன்னோடி

மதுரைக் காஞ்சி, இரவில் மதுரைத் தெருக்களிற் சுற்றிய ஊர்க்காவலரையும், அவர் கண்ணில் படாது திரிந்த கள்வரையும் அருகருகே காட்டுகிறது. காவல் மிகுந்த நகரிலும் களவு இருந்தது என்பது பழைய செய்தி.

பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் காவல் முறை ஒரு குடியுரிமைத் தொழிலாக இருந்தது. ஊரார் காவற்கூலி கொடுத்தனர். களவு போனால், காவலர் பொருளை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டவர். களவுபோன மாட்டைத் துப்பறிந்து மீட்பதற்குத் துப்புக்கூலி என்றொரு தொகையும் வழங்கிற்று. அம்முறையில் ஊழலும் மிரட்டலும் மிகுதி. காவலரே களவுக்குத் துணைபோனதும் உண்டு. ஆனால் காவலருக்கும் இழப்பில் பங்கு உண்டு என்னும் கருத்து அதில் இருந்தது. இன்றைய வாயிற்காவலர் வருகைப் பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதுகிறார். களவு நடந்தால் அவருக்கு வேலை போகலாம், அவ்வளவே.

ஆங்கில அரசு இம்முறையை ஒழித்து, அதனிடத்தில் வேறொன்றை வைத்தது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றனர். செய்த செயலுக்காக அன்றிப் பிறந்த குடிக்காக ஒருவர் கைரேகை பதித்தார். இரவில் காவல் நிலையத்தில் இருக்கவேண்டியவராயினார். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. செயலை விட்டு ஆளைக் கண்காணிக்கும் எந்த ஏற்பாடும், குற்றம் செய்யாத பெரும்பாலோரையும் குற்றவாளியாகவே நடத்தும். அதனால் அவர்கள் காவலருக்குச் செய்தி சொல்லவும் முன்வாரார். செய்தி இல்லாத காவல் குருடு.

3. 1941: குறையைக் குற்றமாகக் கண்ட காவல்

1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் கோலசிலாங்கூர் மாவட்டத்திற்கும் பரவியது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் அதில் முன்னின்றனர். சம்பள உயர்வோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல், தோட்டப் பெண்கள்மீதான அத்துமீறலை நிறுத்துதல் போன்றவையும் கோரிக்கைகளாக இருந்தன. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் அடங்கவில்லை, விரிந்தது. மே 16 அன்று சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை இறக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தனர். நாதன் நாடுகடத்தப்பட்டார்.

வேலைநிறுத்தம் அடங்கியதால் காவல் வென்றது என்று கொள்ளலாமா? போருக்குப் பின் அதே தோட்டங்களில் தொழிற்சங்கம் மீண்டும் எழுந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. சம்பளமும் மதிப்பும் பேச்சுவார்த்தைக்கு வந்தபின்னரே அப்பூசலுக்கு வழி பிறந்தது. குறையொன்றைக் குற்றமெனப் பெயரிட்டால், காவல் அதை ஒத்திப்போடும், தீர்க்காது. பெயரிடுதலில் தவறினால் மருந்திலும் தவறுவோம் என்பதை மொழி கற்பிப்போர் மாணவர்க்கு எடுத்துச் சொல்லத்தக்கது.

4. அவசரகாலம்: முள்வேலி தந்த விடை

நம் வட்டாரத்தில் காவல் பெருகிய காலம் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். 1948 ஜூன் 16 அன்று பேராக் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அது அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை, விசாரணையின்றித் தடுப்புக்காவல், நாடுகடத்தல், தோட்டந்தோறும் சிறப்புக் காவலர் என அடுத்தடுத்து ஏற்பாடுகள் வந்தன. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று உலு சிலாங்கூரின் பத்தாங் காலிக்கு அருகே ஒரு தோட்டத்தில், ஆயுதமற்ற 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர்.

கடுமை இவ்வளவு கூடியும் தாக்குதல் குறையவில்லை. 1951-இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 6 அன்று, நாட்டிலேயே மிகுந்த பாதுகாப்புடையவரான உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் கொல்லப்பட்டார். முதல் மூன்றாண்டுகளின் காவல் பரந்திருந்தது. ஆனால் எதிராளி யார், எங்கே, எவ்வழியே உணவு பெறுகிறான் என்னும் செய்தி இல்லாதிருந்தது.

1950-இல் சர் ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டம் அவ்வழியைக் குறிவைத்தது. காட்டோரம் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரிடத்தில் மறுகுழுவாக்கப்பட்டனர். சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு, முள்ளுக்கம்பி வேலி இடப்பட்டது. காலையில் வாயிலில் சோதனை, பால்வெட்டுக்குப் போவோர் உணவு எடுத்துச் செல்லத் தடை, மாலையில் ஊரடங்கு. அரிசி காட்டுக்குள் போகும் வழியை அடைப்பதே நோக்கம்.

1952-க்குப் பின் தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. ஆகவே வேலி வென்றது என்பார் ஒரு சாரார். மற்றொரு சாரார் வேறு காரணங்களையும் எண்ணுவர். கம்யூனிஸ்டுக் கட்சியே 1951 அக்டோபரில் பொதுமக்களைத் துன்புறுத்தும் தாக்குதல்களைக் குறைக்கத் தீர்மானித்தது. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறி வேலையும் கூலியும் பெருகின. செய்தி தருவோர்க்கு வெகுமதியும் சரணடைவோர்க்கு மன்னிப்பும் கிடைத்தன. குடியுரிமையும் தேர்தலும் கண்ணுக்குத் தெரிந்தன. 1953-இல் மலாக்காவின் ஒரு பகுதி ‘வெள்ளைப் பகுதி’ என அறிவிக்கப்பட்டுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. கட்டுப்பாட்டை நீக்குவதே பரிசாயிற்று. இத்தனையும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால், எது எவ்வளவு பயன் தந்தது என்று வரலாற்றாய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர்.

எனினும் ஒன்று தெளிவு. வெறுங்கடுமை பயன் தரவில்லை. குறிப்பிட்ட ஒரு வழியை அடைத்த காவல் பயன் தந்தது. அதன் விலையைக் கொடுத்தவர், குற்றம் செய்யாத தொழிலாளர். பசியோடு பால்வெட்டியவர் அவர். மாலை ஆறு மணிக்குப் பிறகு வேலிக்குள் அடைபட்டவர் அவர். காத்தலும் அடைத்தலும் ஒரே சொல் என்றோமே, அது இதுதான்.

5. பிறநாட்டு ஆய்வுகள் சொல்வன

அச்சத்தால் குற்றம் தடுக்கப்படுவது எவ்வாறு? 1764-இல் இத்தாலியரான பெக்காரியா, தண்டனையின் கொடுமையைவிடத் தண்டனை தவறாது வரும் என்னும் உறுதியே மனிதரைத் தடுக்கும் என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன.

1972–73-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. பதினைந்து ரோந்துப் பகுதிகளுள் ஐந்தில் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டது. ஐந்தில் முன்போலவே இருந்தது. ஐந்தில் இருமடங்கு, மும்மடங்காகக் கூட்டப்பட்டது. குற்ற அளவிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. ஆனால் பிற்காலத்தில் மினியாபொலிஸ் நகரில், குற்றம் அடிக்கடி நிகழும் சில தெருமுனைகளை மட்டும் தேர்ந்து ரோந்தைக் குவித்தபோது குறைவு தென்பட்டது. பரப்பியபோது பயனற்ற அதே ரோந்து, குவித்தபோது பயன் தந்தது.

மறைகாணியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த நாற்பதாண்டுப் பார்வை, சராசரியாக 13 விழுக்காட்டுக் குறைவைக் கண்டது. வாகன நிறுத்துமிடங்களில் பயன் மிகுதி. வன்முறைக் குற்றங்களில் தெளிவான பயன் இல்லை. தெருவிளக்கை மேம்படுத்துவது பற்றிய 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பு 21 விழுக்காட்டுக் குறைவைக் காட்டிற்று. விளக்கு யாரையும் படம் பிடிப்பதில்லை. எல்லார்க்கும் வழி காட்டுகிறது. இங்கு ஒரு சொல்லாய்வு: ‘மறைகாணி’ என்னும் பெயர் மறைந்திருந்து காண்பதைக் குறிக்கிறது. ஆனால் மறைந்திருப்பது யாரையும் அச்சுறுத்தாது. குற்றம் நடந்தபின் ஆளைக் கண்டறிய மட்டுமே உதவும். குற்றத்தை முன்னரே தடுக்க வேண்டுமானால் அது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அதன் பின்னால் விழித்திருக்கும் ஒருவரும் வேண்டும்.

ஓரிடத்தில் காவலைக் கூட்டினால் கள்வர் அடுத்த தெருவுக்குப் போவர் என்பது பொதுவான அச்சம். 102 ஆய்வுகளைத் தொகுத்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை, அவ்விடப்பெயர்ச்சி ஏறத்தாழ 26 விழுக்காட்டு நேர்வுகளில் நிகழ்ந்தது என்றது; அண்டைப் பகுதிக்கும் பயன் பரவியது 27 விழுக்காட்டில். ஆகவே இடப்பெயர்ச்சி விதி அன்று, விலக்கும் அன்று.

எதிர்பாராத சான்று மேற்கு ஜெர்மனியிலிருந்து வருகிறது. 1980-இல் தலைக்கவசமின்றி மோட்டார்சைக்கிள் ஓட்டுவோர்க்கு அந்த இடத்திலேயே தண்டம் விதிக்கத் தொடங்கினர். நோக்கம் விபத்தைத் தடுப்பது. ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 150,000 ஆக இருந்த மோட்டார்சைக்கிள் திருட்டு, 1986-க்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. வழியிற் கண்ட வண்டியைத் திடீரென எடுத்துச் செல்பவரிடம் தலைக்கவசம் இருப்பதில்லை. அதனால் உடனே பிடிபடுவார். காவலர் ஒருவரும் கூட்டப்படவில்லை. வாய்ப்பு மட்டும் குறுகியது.

6. இன்றைய வட சிலாங்கூர்

இம்முடிவுகளை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். பத்தாங் பெர்சுந்தைக்கு, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு, அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. அத்தோட்டத்தின் பெயரிலேயே நம் தென்னமரம் ஒலிக்கிறது. நூறாண்டு கடந்த இத்தொழிலில் நீங்காத சிறு குற்றம், பழக்குலைத் திருட்டு. 2022-இல் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியபோது, திருட்டின் ஈர்ப்பும் கூடியது.

நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு எத்தனை காவலரை நிறுத்துவது? குலையின் இயல்பே விடை தருகிறது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்க்காவிடில் எண்ணெயின் தரம் கெடும். அதைப் பதுக்கிவைக்க இயலாது. குலைகள் கனமானவை, வண்டியின்றி எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே திருடியவர் விரைவில், அருகில், ஒரு வாங்குநரிடம் விற்றாக வேண்டும். தோட்டம் பரந்தது, வாங்கும் நிலையங்களோ சில. அவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். குலை எங்கிருந்து வந்தது என்னும் கணக்கை அங்கே செம்மையாகப் பார்த்தால், ஆயிரம் மரங்களுக்கு இடையே நடக்கும் ஜாகாவைவிட அது வலுவான காவல். 1950-களின் வேலி அடைத்ததும் இத்தகைய ஒரு குறுகிய வழியைத்தான். ஆனால் இங்கு எவரும் அடைபடத் தேவையில்லை.

தாமான்களின் நிலை வேறு. 1975-இல் தோன்றிய ருக்குன் தெத்தாங்கா, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதையே காவலாகக் கொண்டது. 2004-இல் தொடங்கிய ‘பாதுகாப்பான நகர்’ திட்டம், நடைபாதையைச் சாலையிலிருந்து பிரித்தல், விளக்கிடுதல், மறைகாணி பொருத்துதல் எனச் சூழலைச் சீர்செய்யும் வழிகளை வகுத்தது. இவை வாய்ப்பைக் குறுக்கும் முறைகள். ஆனால் வாயிலில் நிற்கும் கூலிக்காவலர் அங்குள்ள எவரையும் அறியாதவராகவும், வெளியாட்களை முகத்தோற்றத்தால் மட்டுமே பிரிப்பவராகவும் இருந்தால், அவர் செய்வது காவல் அன்று, ஆள்பிரிப்பு. தோட்டம் மூடப்பட்டு இடம்பெயர்ந்த குடும்பத்து இளைஞன், தன் நிறத்தாலும் பழைய மோட்டார்சைக்கிளாலும் ஒவ்வொரு வாயிலிலும் நிறுத்தப்பட்டால், அவன் கற்கும் பாடம் ஒன்றே: இவ்வூர் நமக்குரியதன்று. ஊர் தனதென்று எண்ணாதவன் ஊரைக் காக்க முன்வாரான். கண்டதைச் சொல்லவும் மாட்டான். ரேகைச் சட்டம் கற்பித்த பாடமும் அதுவே.

7. ஆசிரியரும் மாணவரும் கேட்கவேண்டியவை

ஆகவே நம் விடை: பாதுகாப்பைக் கூட்டினால் குற்றம் குறையக்கூடும், ஆனால் கூட்டுவதாலேயே குறையாது. புதிய காவல் ஏற்பாடு ஒன்று பள்ளிக்கோ தாமானுக்கோ வரும்போது நான்கு வினாக்களை எழுப்பலாம். எந்தக் குற்றத்தை, எந்த இடத்தில், எந்நேரத்தில் தடுக்க இது வந்தது? பிடிபடுவோம் என்னும் உறுதியை இது கூட்டுகிறதா, அல்லது தோற்றத்தை மட்டும் கடுமையாக்குகிறதா? காக்கப்படுவோர் இதனோடு ஒத்துழைத்துச் செய்தி தருவரா? இதன் விலையைக் கொடுப்பவர் யார்?

மாணவர்கள் இதனை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். தம் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள இருண்ட இடங்களைக் குறித்து ஒரு வரைபடம் வரையட்டும். விளக்கு எங்கே வேண்டும் என்று மாவட்ட மன்றத்துக்கு நல்ல தமிழிலும் மலாயிலும் கடிதம் எழுதட்டும். நாளேட்டில் ஒரு குற்றச்செய்தியை எடுத்து, ‘சந்தேக நபர்’, ‘குற்றவாளி’, ‘குண்டர்’ ஆகிய சொற்களை எழுதியவர் எவ்விடத்தில் மாற்றி மாற்றி ஆள்கிறார் என்று கோடிட்டுப் பார்க்கட்டும். தீர்ப்பு வருமுன்னர் ஒருவரைக் குற்றவாளி என்றெழுதும் பேனாவும் ஒரு வகைக் காவற்கூண்டே.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையிலும் கண்காணிப்பு உண்டு, காவலும் உண்டு. வராத மாணவரின் பெயரைப் பதிவேட்டில் குறிப்பது கண்காணிப்பு. அவர் ஏன் வரவில்லை என்று வீடுவரை சென்று அறிவது காவல். தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய நல்லாசிரியர்கள் பலர் இரண்டாவதைச் செய்தனர். இளைஞர் குற்றத்துக்கு வழிதேடும் அரசுக்கும் பெற்றோருக்கும் அவர்களுடைய பணியே மலிவான, உறுதியான பாதுகாப்பு ஏற்பாடாக நமக்குத் தோன்றுகிறது.